இருபத்தையாயிரம் டாலரும் ஓர் அருட்சகோதரியும்

கல்விக்கூடங்களுக்குக் கருவி வாங்கப் பொருளுதவி செய்வது இன்று உலகெங்கும் அறச்செயலாக மதிக்கப்படுகிறது. அரசுகள் வழங்குகின்றன, அறக்கட்டளைகள் வழங்குகின்றன, பழைய மாணவர்களும் பங்கு மக்களும் தம்மால் இயன்றதை வழங்குகின்றனர். புதிய கணிப்பொறி அறை மந்திரிக்கப்படுகிறது. கொடையாளர் பெயர்கள் கல்லில் பொறிக்கப்படுகின்றன. ஐந்து ஆண்டுகள் கழித்து அந்த அறையில் என்ன நிகழ்கிறது என்று வினவுவோர் மட்டும் சிலரே. ஆசிரியர் கையில் புதிய கருவியைக் கொடுத்துவிட்டால் கல்வி தானே வளர்ந்துவிடுமா? வளராதெனில், கொடுத்த பணம் எங்கே போயிற்று?

இவ்வினா புதியதன்று. சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்க ஐக்கிய நாடுகள் இதே வினாவைப் பெரும் பொருட்செலவில் எதிர்கொண்டன. கல்லூரி ஆசிரியர்கள் புதிய கருவிகளைக் கொண்டு கற்பிப்பதற்கென அரசு மானியம் வழங்கும் வழக்கம் அங்கே வேரூன்றிய காலம் அது. அவ்வரலாற்றின் நடுவே கத்தோலிக்கத் துறவி ஒருவரும் நிற்கிறார். அவரை நம் மக்களுள் பலர் அறியார். அவருடைய பணியையும் அதைச் சூழ்ந்திருந்த காலத்தையும் ஈண்டுச் சற்று விரிவாக நோக்குவோம்.

அச்சத்தில் பிறந்த கொடை

இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1950ஆம் ஆண்டு மே மாதம் 10ஆம் நாள் அதிபர் ட்ரூமன் கையெழுத்திட்ட சட்டத்தால் அமெரிக்காவில் தேசிய அறிவியல் அறக்கட்டளை தோற்றுவிக்கப்பட்டது. அறிவியல் ஆய்வுக்கும் அறிவியல் கல்விக்கும் பொதுப்பணத்திலிருந்து உதவுவது அதன் நோக்கம். தொடக்கத்தில் அதன் கருவூலம் சிறியது. 1957 அக்டோபர் 4ஆம் நாள் சோவியத் நாடு ஸ்புட்னிக் என்னும் செயற்கைக்கோளை விண்ணில் செலுத்தியதும் நிலைமை மாறியது. தம் பள்ளிகளும் கல்லூரிகளும் பின்தங்கிவிட்டன என்னும் கவலை அமெரிக்க மக்களைப் பற்றிக்கொண்டது. அடுத்த ஆண்டே, 1958 செப்டம்பர் 2 அன்று, அதிபர் ஐசனோவர் தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டத்தில் கையெழுத்திட்டார். நான்கு ஆண்டுகளுக்கு ஏறத்தாழ நூறு கோடி டாலர் கல்விக்கென ஒதுக்க அச்சட்டம் வழி செய்தது. கல்வி என்னும் சொல்லோடு பாதுகாப்பு என்னும் சொல்லும் சட்டத்தின் பெயரிலேயே கோக்கப்பட்டமை கருதத்தக்கது. அந்தக் கொடைக்கு அன்பைவிட அச்சமே பெருங்காரணமாயிருந்தது.

அறிவியல், கணிதம், அயல்மொழிகள் ஆகியவற்றைக் கற்பிப்பதற்கான கருவிகளைப் பள்ளிகள் வாங்க அச்சட்டம் உதவியது. காதில் கேட்பொறியைப் பொருத்திக்கொண்டு, ஒலிநாடாவைக் கேட்டு மொழி பயிலும் மொழிக்கூடங்கள் நாடெங்கும் பெருகின. வானொலி, தொலைக்காட்சி, திரைப்படம் ஆகியவற்றைக் கல்வியில் பயன்படுத்துவது பற்றிய ஆய்வுகளுக்கும் தனியே பணம் ஒதுக்கப்பட்டது. எனினும் கத்தோலிக்கப் பள்ளிகளுக்கு ஒரு குறை இருந்தது. கருவி வாங்க அரசுப் பள்ளிகளுக்கு மானியம் கிடைத்தது. தனியார் பள்ளிகளுக்கோ கடன் மட்டுமே கிடைத்தது. ஒரே நகரில், ஒரே வரியைச் செலுத்தும் பெற்றோரின் பிள்ளைகளுக்கிடையே இவ்வேறுபாடு நிலவியது. அரசும் சமயமும் பிரிந்திருக்க வேண்டும் என்று அந்நாட்டார் கொண்ட கொள்கையே இதற்குக் காரணம். இக்கொள்கையின் விளைவைப் பின்னர் மீண்டும் காண்போம்.

வானில் பறந்த வகுப்பறை

அரசு மட்டுமன்று, செல்வம் மிக்க அறக்கட்டளைகளும் அந்நாளில் கருவிவழிக் கல்விக்கு அள்ளிக் கொடுத்தன. அவற்றுள் ஃபோர்டு அறக்கட்டளை முதன்மையானது. அதன் பொருளுதவியோடு 1961இல் ஒரு வியத்தகு முயற்சி முழு அளவில் தொடங்கிற்று. இந்தியானா மாநிலத்திலுள்ள பர்டியூ பல்கலைக்கழகத்தின் விமானத் தளத்திலிருந்து ஒரு விமானம் புறப்படும். அது ஏறத்தாழ 23,000 அடி உயரத்தில், மாண்ட்பீலியர் என்னும் சிற்றூருக்கு மேலே வட்டமிட்டுக்கொண்டிருக்கும். நாடாவில் பதிவு செய்யப்பட்ட பாடங்களை அவ்விமானத்திலிருந்து தொலைக்காட்சி அலைகளாக அனுப்புவர். இந்தியானா, இல்லினாய், ஓகாயோ முதலிய ஆறு மாநிலங்களின் வகுப்பறைகளில் அவற்றைக் காணலாம்.

சிறந்த ஆசிரியர் ஒருவரின் பாடத்தை எளிய சிற்றூர்ப் பிள்ளையும் கேட்க வேண்டும் என்னும் எண்ணம் உயர்ந்ததே. அதைக் குறைகூற நமக்கு மனமில்லை. ஆயினும் அம்முயற்சி நெடுநாள் நீடிக்கவில்லை. அறக்கட்டளைப் பணம் குறைந்தபோது பள்ளிகள் செலுத்திய கட்டணத்தைக் கொண்டு விமானங்களைப் பறக்கவிட இயலவில்லை. 1968இல் அவை தரையிறங்கின. பாடம் வானிலிருந்து வந்தபோது வகுப்பறையில் இருந்த ஆசிரியருக்கு வேலை என்ன? தொலைக்காட்சிப் பெட்டியைக் குறித்த நேரத்தில் இயக்குவதும், மாணவரை அமைதியாக அமர்த்துவதும், முடிந்தபின் சில வினாக்களைக் கேட்பதுமே. தம் மாணவருக்கு எது புரியவில்லை என்பதை அவர் அறிந்திருந்தாலும், வானில் பறக்கும் பாடத்தை நிறுத்தவோ மாற்றவோ அவரால் இயலாது. ஆசிரியரை அரவணைக்காத கருவி, பணம் நின்றவுடன் தானும் நின்றுவிடுகிறது.

ஒரு கன்னியின் கல்வி

இனி, நாம் குறிப்பிட்ட துறவியிடம் வருவோம். மேரி கென்னத் கெல்லர் 1913 டிசம்பர் 17 அன்று ஓகாயோ மாநிலத்தின் கிளீவ்லாந்து நகரில் பிறந்தார். 1932இல், தூய கன்னி மரியாவின் பிறரன்புச் சகோதரிகள் சபையில் சேர்ந்தார். அயர்லாந்தின் டப்ளின் நகரிலிருந்து வந்த அன்னை மேரி பிரான்சிஸ் கிளார்க் 1833இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் தொடங்கிய சபை அது; பின்னர் கல்விப்பணியில் வளர்ந்தது. கெல்லர் 1940இல் வார்த்தைப்பாடு கொடுத்தார். சிக்காகோவிலுள்ள டீபால் பல்கலைக்கழகத்தில் 1943இல் கணிதத்தில் இளநிலைப் பட்டமும், 1953இல் கணிதத்திலும் இயற்பியலிலும் முதுநிலைப் பட்டமும் பெற்றார்.

இரு பட்டங்களுக்கும் இடையே பத்து ஆண்டுகள் கழிந்திருப்பதை வாசகர்கள் கவனித்திருப்பர். அக்காலக் கன்னியர் பலர் ஆண்டு முழுவதும் பள்ளியில் கற்பித்துவிட்டு, கோடை விடுமுறையில் மட்டும் பல்கலைக்கழகம் சென்று பயின்றனர். ஒரு பட்டம் பெறவே பலருக்கு இருபது கோடைகள் வேண்டியிருந்தன. பங்குகள் பள்ளிகளைக் கட்டின, ஆயர்கள் கன்னியரை அனுப்பும்படி வேண்டினர், வகுப்பறைகள் காத்திருந்தன, கன்னியர் தம் படிப்பை முடிக்குமுன்பே கரும்பலகையின் முன் நின்றனர். இக்குறையைப் போக்கவே 1954இல் அமெரிக்கத் துறவியர் ஓர் இயக்கத்தைத் தொடங்கினர். முதலில் முழுமையான கல்வி, அதன்பின் வகுப்பறை என்பது அவ்வியக்கத்தின் வேண்டுகோள். ஒரு கன்னியைப் படிக்க அனுப்பினால் அவருடைய வகுப்பை வேறொருவர் சுமக்க வேண்டும். அவர் ஈட்டித்தரும் சிறு ஊதியமும் இல்லத்திற்குக் கிடைக்காது. இத்தகைய இழப்பை ஏற்றுக்கொண்டுதான் சபைகள் தம் சகோதரிகளைப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பின. எந்த அரசின் கணக்கேட்டிலும் இடம்பெறாத இந்த மானியமே காலத்தால் முற்பட்டது.

அருட்சகோதரி கெல்லர் பல பல்கலைக்கழகங்களில் பயின்றார். டார்ட்மத் கல்லூரியில் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் ஆதரவோடு நடந்த பயிலரங்கிலும் பங்கேற்றார். 1972 வரை டார்ட்மத் ஆண்கள் கல்லூரியாகவே இருந்தது என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது. இறுதியில், ஐம்பத்தோராம் அகவையில், 1965 ஜூன் 7 அன்று விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கணிப்பொறி அறிவியலில் முனைவர் பட்டம் பெற்றார். அமெரிக்காவில் இத்துறையில் அப்பட்டம் பெற்ற முதல் பெண் ஒரு கத்தோலிக்கத் துறவியே என்பதை எண்ணுகையில் நம் உள்ளம் உவகை கொள்கிறது.

பூட்டில்லா நூலகம்

டார்ட்மத் கல்லூரியில் நிகழ்ந்த ஒரு புதுமையையும் இங்கே கூறியாக வேண்டும். அந்நாளில் கணிப்பொறி என்பது ஒரு பெரிய அறையை நிறைக்கும் கருவி. பயிற்சி பெற்ற சிலரே அதை அணுகலாம். மாணவர் தம் கணக்கை அட்டைகளில் துளையிட்டுக் கொடுத்துவிட்டு விடைக்கு மணிக்கணக்கில், சில வேளை நாள்கணக்கில், காத்திருப்பர். ஜான் கெமெனி, தாமஸ் குர்ட்ஸ் என்னும் இரு கணிதப் பேராசிரியர்கள் இம்முறையை மாற்ற எண்ணினர். கெமெனி அங்கேரி நாட்டில் பிறந்த யூதர். 1940இல் குடும்பத்தோடு அமெரிக்காவில் அடைக்கலம் புகுந்தவர். ஒரே பொறியைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்த வேண்டும், இலக்கியம் பயிலும் மாணவரும் அஞ்சாமல் அதனோடு பேச எளிய மொழி ஒன்று வேண்டும் என்று இருவரும் கருதினர். தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் மானியம் கோரினர். இத்தகைய கடினமான பணியை இளநிலை மாணவர்களைக் கொண்டு முடிக்க இயலுமா என ஐயுற்றோரும் உண்டு. ஆனால் மானியம் கிடைத்தது. மாணவர்களே அப்பணியின் பெரும்பகுதியைச் செய்து முடித்தனர். 1964 மே 1 அன்று விடியற்காலை நான்கு மணிக்கு, பேசிக் என்னும் அப்புதிய மொழியில் எழுதப்பட்ட நிரல்கள் முதன்முதலாக இயங்கின.

பேசிக் மொழியை அருட்சகோதரி கெல்லரும் சேர்ந்து உருவாக்கினார் என்று சிலர் எழுதுவதுண்டு. அம்மொழியை வடிவமைத்தவர்கள் கெமெனியும் குர்ட்ஸும் ஆவர். உரியவருக்கு உரிய புகழை அளிப்பதே முறை. நம் சகோதரியின் பெருமைக்கு இரவல் புகழ் தேவையில்லை.

டார்ட்மத்தில் போற்றத்தக்கது வேறொன்று. நூலகத்தில் மாணவர் விரும்பிய நூலைத் தாமே அலமாரியிலிருந்து எடுப்பதுபோலக் கணிப்பொறியையும் கட்டணமின்றி, காரணம் கூறாமல் பயன்படுத்தலாம் என்று கெமெனி விதி செய்தார். மானியத்தால் வாங்கிய பொருள் விலையுயர்ந்தது. ஆகவே அதைப் பூட்டிக் காக்க வேண்டும் என்னும் எண்ணம் நிருவாகிகளுக்கு இயல்பாக எழும். அவ்வெண்ணத்தை அவர் ஏற்கவில்லை.

1965ஆம் ஆண்டு

அருட்சகோதரி கெல்லர் பட்டம் பெற்ற 1965ஆம் ஆண்டு கல்வி வரலாற்றிலும் திருச்சபை வரலாற்றிலும் சிறப்புடையது. அவ்வாண்டு அக்டோபர் 28 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கையை வெளியிட்டது. கத்தோலிக்கப் பள்ளி தன் நோக்கத்தை அடைவது பெரிதும் ஆசிரியரையே பொறுத்தது என்றும், அவர்கள் உலகியல் அறிவிலும் சமய அறிவிலும் தக்கவாறு பயிற்றுவிக்கப்பட வேண்டும் என்றும் அவ்வறிக்கை வலியுறுத்தியது. அதே நாளில் வெளிவந்த துறவற வாழ்வு பற்றிய விதித்தொகுப்பு, துறவியர் தம் பணிக்கேற்ற கல்வியும் பட்டங்களும் பெறுவதை ஆதரித்தது. சங்கம் இதைக் கூறுமுன்பே கிளார்க் அன்னையின் சபை இதைச் செய்து முடித்திருந்தது.

பதினொரு நாள்கள் கழித்து, நவம்பர் 8 அன்று, அதிபர் ஜான்சன் தாம் பயின்ற டெக்சாஸ் மாநிலக் கல்லூரியிலேயே உயர்கல்விச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அச்சட்டத்தின் ஆறாம் பிரிவு நம் பொருளுக்கு மிக நெருங்கியது. அதன் முதற்பகுதி, கல்லூரிகள் ஆய்வகக் கருவிகளும் ஒலி ஒளிக் கருவிகளும் வாங்க மானியம் வழங்கியது. கல்லூரியும் தன் பங்கைச் செலுத்த வேண்டும். இரண்டாம் பகுதி, அக்கருவிகளைக் கொண்டு கற்பிக்கக் கல்லூரி ஆசிரியர்களுக்குப் பயிற்சியளிக்க மானியம் வழங்கியது. கருவியும் ஆசிரியரும் ஒரே சட்டத்தில் அருகருகே வைக்கப்பட்டனர். ஆனால் கருவிக்கு ஒதுக்கியதோடு ஒப்பிட்டால் ஆசிரியருக்கு ஒதுக்கியது மிகச் சிறிய பங்கே.

அவ்வாண்டிலேயே அருட்சகோதரி கெல்லர், அயோவா மாநிலத்தின் டுபூக் நகரில் தம் சபை நடத்திய கிளார்க் கல்லூரியில் கணிப்பொறி அறிவியல் துறையைத் தொடங்கினார். அது அந்நாளில் பெண்கள் கல்லூரி. இளநிலைக் கல்விக்கான கற்பித்தல் கருவிகள் வாங்க, தேசிய அறிவியல் அறக்கட்டளை அவருக்கு இரண்டு ஆண்டுகளில் 25,000 டாலர் வழங்கியது. அந்நாளைய பெரிய கணிப்பொறிகளின் விலை இலட்சக்கணக்கான டாலர். சில பத்து இலட்சத்தையும் தாண்டின. 1965இல் வெளிவந்து, மலிவானது என்று பெயர் பெற்ற பிடிபி-8 என்னும் சிறு கணிப்பொறியின் விலையே 18,000 டாலர். ஆகவே கிளார்க் கல்லூரி பெற்ற தொகை பெரியதன்று. பெரும் பல்கலைக்கழகங்களின் கணக்கில் அது ஒரு மூலையில் அடங்கிவிடும்.

அச்சிறு தொகையால் விளைந்தது யாது? அருட்சகோதரி கெல்லர் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அத்துறையை வழிநடத்தினார். கணிப்பொறியை அறிவியலார் மட்டுமன்றி ஆசிரியர்களும் பிறரும் பயன்படுத்த வேண்டும் என வற்புறுத்தினார். பணிக்குச் செல்வோரும் வயது வந்தோரும் பயில வழி செய்தார். இத்துறையில் பெண்கள் முன்னேற வேண்டுமெனத் தொடர்ந்து வாதாடினார். கைக்குழந்தையுடைய தாய்மார் குழந்தையோடு வகுப்புக்கு வருவதையும் ஊக்குவித்தார். கருவிகளைக் காட்டிலும் குழந்தையின் அழுகுரலுக்கு இடம் கொடுத்த அக்கணிப்பொறிக் கூடத்தை எண்ணிப் பார்க்கிறோம்! சிறு கல்லூரிகள் தம் அனுபவத்தைப் பகிர்ந்துகொள்ளச் சங்கம் ஒன்றை அமைக்கவும் அவர் துணைநின்றார். 1985 சனவரி 10 அன்று இறைவனடி சேர்ந்தார். 1965இல் வாங்கிய கருவி எத்தனை ஆண்டுகள் உழைத்திருக்கும்? அவரிடம் பயின்றவர்களோ அதற்குப் பின்னரும் நெடுங்காலம் உழைத்தனர்.

இரு தீர்ப்புகள்

அரசுப் பணத்தைச் சமயக் கல்லூரிகள் பெறலாமா என்னும் வழக்கு இதற்கிடையில் முற்றியது. 1963ஆம் ஆண்டுச் சட்டமொன்றின்படி கல்லூரிகளுக்குக் கட்டட மானியம் வழங்கப்பட்டது. கனெக்டிகட் மாநிலத்தின் நான்கு கத்தோலிக்கக் கல்லூரிகள் பெற்ற மானியத்தை எதிர்த்து வழக்குத் தொடரப்பட்டது. நூலகங்கள், அறிவியல் கட்டடம், மொழிக்கூடம் ஆகியவை அவ்வழக்கின் பொருள்களுள் அடங்கும். 1971 ஜூன் 28 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஐவர் எதிராக நால்வர் என்னும் சிறு பெரும்பான்மையால், அம்மானியங்கள் செல்லும் என்று தீர்ப்பளித்தது.

அதே நாளில் அதே நீதிமன்றம் மற்றொரு தீர்ப்பையும் வழங்கியது. ரோட் ஐலாந்து, பென்சில்வேனியா ஆகிய மாநிலங்கள், சமயச் சார்புள்ள பள்ளிகளில் பொதுப்பாடம் கற்பிக்கும் ஆசிரியர்களின் ஊதியத்திற்கு உதவி வந்தன. அவ்வுதவி செல்லாது என்றது நீதிமன்றம். தமிழ்நாட்டில் அரசு உதவி பெறும் கத்தோலிக்கப் பள்ளிகளில் ஆசிரியர் ஊதியத்தை அரசே ஏற்பதை அறிந்த நமக்கு இது வியப்பளிக்கலாம். நீதிபதிகளின் கருத்து இதுவே: நூலில் என்ன இருக்கிறது என்பதை முன்னரே படித்தறியலாம், ஆசிரியர் அதை எவ்வாறு கற்பிப்பார் என்பதை அவ்வாறு அறிய இயலாது. அவருடைய நம்பிக்கை அவர் பாடத்தில் கலவாதிருக்க வேண்டுமெனில் அரசு அவரை இடைவிடாது கண்காணிக்க வேண்டும்.

அத்தீர்ப்பின் சட்ட நியாயத்தை ஆராய்வது நம் நோக்கமன்று. ஆயினும் நீதிமன்றம் தன்னை அறியாமலேயே ஆசிரியருக்கு ஒரு புகழுரை வழங்கியிருக்கிறது. சுவர் யாருடையதாயினும் சுவரே. ஆசிரியர் அப்படியல்லர், அவர் வகுப்பறைக்குள் நுழையும்போது தம் ஆன்மாவையும் உடன் கொண்டு நுழைகிறார். அந்நாட்டுக் கத்தோலிக்கர் அன்று பெற்ற விடை இவ்வளவே: கட்டடத்தையும் கருவியையும் அரசு தரும், ஆசிரியரை நீங்களே உருவாக்கிக்கொள்ளுங்கள்.

நமக்குரிய பாடம்

அந்த ஆசிரியரை உருவாக்கியவர்கள் யாவர்? பெரும்பாலும் துறவற சபைகளே. 1965இல் அமெரிக்காவில் ஏறத்தாழ 1,80,000 கன்னியர் இருந்தனர். இன்று அவர்கள் தொகை 40,000க்கும் கீழே இறங்கிவிட்டது. ஊதியம் கருதாத அவர்களின் உழைப்பே கத்தோலிக்கக் கல்வியின் அழியா மூலதனம் என்று ஒரு தலைமுறை நம்பியிருந்தது. அம்மூலதனம் கரைந்தபோதுதான் அதன் மதிப்பை மக்கள் உணர்ந்தனர். இப்போது அங்கே கத்தோலிக்கப் பள்ளிகளில் கற்பிப்போர் பெரும்பாலும் பொதுநிலையினரே. ஆசிரியரை உருவாக்கும் கடமையும் பொதுநிலையினர் தோள்களுக்கு வந்துவிட்டது.

கருவி தேவையில்லை என்று நாம் கூறுவதாக எவரும் கொள்ளலாகாது. 25,000 டாலர் கிடைத்திராவிட்டால் அருட்சகோதரி கெல்லர் கரும்பலகையில் கணிப்பொறியின் படத்தை வரைந்தே காலத்தைக் கழித்திருக்கலாம். கையில் கருவியின்றி நிற்கும் தகுதியுள்ள ஆசிரியரின் துயரமும் துயரமே. ஆனால் வரலாறு காட்டும் வரிசை ஒன்று உண்டு. கிளார்க் கல்லூரியில் ஆசிரியர் முதலில் வந்தார். பணம் பின்னர் வந்தது. அவரை உருவாக்க அவருடைய சபைக்கு முப்பது ஆண்டுகளுக்கு மேலாயின. மானியம் வந்து தீர இரண்டே ஆண்டுகள் ஆயின.

மத்தேயு நற்செய்தியின் இருபத்தைந்தாம் அதிகாரத்தில் வரும் தாலந்து உவமையை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். தலைவர் தம் பணியாளரின் திறமையை அறிந்து, அதற்கேற்பவே பொருளை ஒப்படைக்கிறார். அறிமுகமற்றவர் கையில் பணத்தைத் திணித்துவிட்டு அவர் பயணம் போகவில்லை. ஒரு தாலந்து பெற்றவன் அதைத் திருடவுமில்லை, வீணடிக்கவுமில்லை, பத்திரமாகப் புதைத்துவைத்தான். பூட்டிய அறைக்குள் உறை நீக்கப்படாமல் இருக்கும் கருவியும் பத்திரமாகத்தான் இருக்கிறது. கணக்குக் கேட்கப்படும் நாளில் அந்தப் பத்திரம் நமக்குத் துணை வாராது.

ஆகவே, தாம் பயின்ற பள்ளிக்கோ கல்லூரிக்கோ கொடையளிக்க முன்வரும் நம் மக்களை ஒன்று வேண்டுகிறோம். எத்தனை கணிப்பொறிகள் வேண்டும் என்று கேட்குமுன், அவற்றைக் கொண்டு கற்பிக்கப்போகும் ஆசிரியர் யார் என்று கேளுங்கள். அவர் மேலும் கற்க விடுப்பு உண்டா, கட்டணம் உண்டா, அவர் இல்லாத நாள்களில் அவருடைய வகுப்பை ஏற்பவர் உண்டா என்று கேளுங்கள். அந்த அறையின் திறவுகோல் யாரிடம் இருக்கும், வகுப்பு முடிந்தபின் ஏழை மாணவி ஒருத்தி அங்கே வந்து அமரலாமா என்றும் கேளுங்கள். கொடையில் ஒரு பகுதியை ஆசிரியரின் கல்விக்கெனப் பிரித்து வையுங்கள். அப்பகுதியைக் கல்வெட்டில் பொறிக்க இயலாது. திறப்பு விழாவில் காட்டவும் இயலாது. கிளார்க் கல்லூரியின் மகளிருக்கு வாழ்வளித்ததும் அவ்வாறு கண்ணுக்குத் தெரியாத பகுதியே.